காத்தாயி கைச் சோறு

1

"சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா" என்று ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். சாப்பிட்டேன், சாமி. ஒரு வருஷமாக அடுப்பே மூட்டாமல் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது, நடுவில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொள்கிறேன். எழுத்து கோணியிருந்தால் பத்திரிகையில் அச்சுக் கோப்பவர் நிமிர்த்திக்கொள்ளட்டும்.

நான் இருப்பது மலாயாவில், மலாக்காவின் வடகோடியில். புலாவ் செபாங் ரயிலடியில் இறங்கி லாரியில் குலுங்கிக்கொண்டு வந்தால் எங்கள் ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் இங்கே கிராணி, அதாவது ஆபீஸில் கணக்கெழுதுகிறவர். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்காரர்கள் துப்பாக்கியோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் வீட்டு அரிசி போய்விடக் கூடாது என்று சர்க்கார் இங்கே அவசரகாலம் போட்டிருக்கிறது. தோட்டத்துச் சனத்தையெல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்து வந்து, லயம் என்கிற வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. கடையில் பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரர் ஆணியால் குத்தித்தான் கொடுப்பார். காட்டுக்குப் போகிற வழியில் அது கெட்டுப்போக வேண்டுமாம்.

போன வருஷம் அதற்கும் மேலே ஒன்று வந்தது. வீட்டில் ஒரு மணி அரிசி இருக்கக் கூடாது. தோட்டத்துக்கே ஒரு சமையற்கொட்டகை, வரிசையில் நின்று சோறாக வாங்கிக்கொண்டு போ என்றார்கள். பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்று கும்மியடித்தேன். என் சமையல் அப்படி. கல்யாணமான புதிதில் என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என் மாமனார், "மாட்டுக்குக் காலில் அடிபட்டா இதை ஊத்தலாம்" என்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

மகள் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறாளே என்று என் அம்மா மன்னார்குடியில் அழுதுகொண்டே ஒரு மூட்டை வடகம் அனுப்பினாள். வேலிக் கதவில் சோதனை போடும் மலாய்ப் போலீஸ்காரன் மூட்டையை அவிழ்த்து, "இனி அப்பா?" என்றான். இது என்ன என்று மலாயில் கேட்கிறான். நான் படபடப்பில், "அப்பா இல்ல, அம்மா அனுப்புனது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றை எடுத்து அப்படியே கடித்தான். பல் பிழைத்தது பெரிய விஷயம். இதைத் தின்று எந்தக் கம்யூனிஸ்டும் சண்டை போட முடியாது என்று நினைத்தானோ என்னவோ, உள்ளே விட்டுவிட்டான்.

போன வாரம் அந்த அரிசி உத்தரவு நீங்கிவிட்டது. வீட்டிலேயே பொங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு பை அரிசி கொண்டு வந்து முறத்தில் கொட்டினார். என் மகள் செல்வி, இங்கேயே பிறந்து மலாய்க்காரர் மாதிரி 'லா' போட்டுப் பேசுகிறவள், ஐந்து வயது, குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன கல்லும்மா? இத எப்படித் திங்கிறது-லா?" என்று கேட்டாள். நெல் விளைகிற ஊரில் பிறந்தவளின் பிள்ளை. சிரித்துவிட்டு, கொஞ்சம் அழுதும் விட்டேன்.

2

கொட்டகை போட்ட நாளுக்கு வருகிறேன். அண்டா வந்தது, விறகு வந்தது. யார் சமைப்பது? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கே வந்து கேட்டார்.

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற சனமெல்லாம் விடிகிற நேரத்தில் களத்தில் வரிசையாக நிற்கும். பெரிய கங்காணி, அதாவது எல்லாருக்கும் மேலான மேஸ்திரி, ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் விழுந்தவர் "இருக்கேன் ஐயா" என்று சொல்லி ஓரடி முன்னால் வர வேண்டும். உடனே, பால் வெட்ட உனக்கு இந்த நிரை மரம் என்று சொல்வார். எங்கள் பெரிய கங்காணி மாரிமுத்து ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் தோட்டத்துப் பேரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். அதில் அவருக்கு மீசை நுனிவரைக்கும் பெருமை.

துரை கேட்டதற்கு ஒருத்தரும் முன்வரவில்லை. அத்தனை பேருக்குப் பொங்கிப் போட்டு அத்தனை பேரிடமும் வசவு வாங்க யாருக்கு ஆசை? அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. காத்தாயி.

"நான் சமைக்கிறேன் தொரே."

கங்காணி வேகமாக முன்னால் போய், "தொரே, அது வேணாம்" என்றார். ஏன் என்று துரை கேட்டார். கங்காணி மீசையைத் தடவினார், கம்பை மாற்றிப் பிடித்தார். துரை "பாகுஸ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நல்லது என்று அர்த்தம்.

கங்காணி ஏன் மீசையைத் தடவினார் என்பதை, பின்னால் ஒருநாள் கொட்டகையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே காத்தாயிதான் எனக்குச் சொன்னாள். நான் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு கப்பலேறியவள், எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "இத்தன வருசத்துல கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா" என்றாள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். காத்தாயியின் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் திரும்பவே இல்லை. ஒரு நாள் பெரட்டு நேரத்தில் சிப்பாய் லாரி வந்து நின்றது. டவுனில் சமைக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். சிப்பாயின் பார்வை முன் வரிசையில் இருந்த கங்காணியின் மகள்மேல் நின்றது. கங்காணி சத்தமாக ஒரு பேரைச் சொன்னார். "காத்தாயி." பேர் விழுந்ததும் அவள் பழக்கத்தில், "இருக்கேன் ஐயா" என்று ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"அந்த ஓரடிதாம்மா. கால் தானா வந்துருச்சு" என்றாள்.

டவுனில் ஒரு பெரிய வீட்டில் சிப்பாய்களுக்கு நடுவே அவளை அடைத்துவைத்து நாசம் செய்தார்கள். ஜப்பான்காரன் தோற்று ஓடும்வரை. இதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன். "சமைக்கன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. ஒருநாள்கூட அடுப்புப் பக்கம் விடல. அதான் தொர கேட்டதும் கை தூக்கிட்டேன். அன்னிக்குச் சொன்ன வேலைய இன்னிக்காவது செய்வோமேன்னு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசணிக்காயைத்தான் கண்டபடி நறுக்கினேன்.

அவள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது ஒருத்தரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அடித்தவன் யார், கொன்றவன் யார் என்று விசாரித்தானாம். காத்தாயிக்காக ஒருத்தரும் சாட்சி கேட்கவில்லை. ஊர் மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் கைத் தண்ணீர் ஆகாது. கோயிலில் வெளியே நிற்க வேண்டும். பெரட்டில் கங்காணி அவள் பேரைக் கூப்பிடவே மாட்டார். "அந்தப் பேரச் சொன்னா நாக்குத் தீட்டாயிரும்" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பேரும் முடிந்த பிறகு கம்பை நீட்டி, "அந்தா நிக்குதே அது, கடைசி நிரைக்குப் போகட்டும்" என்பார். போரே முடிந்தது, காத்தாயி மட்டும் அன்றிலிருந்து "அது".

செய்தவன் கப்பலேறிப் போய்விட்டான், காட்டிக்கொடுத்தவர் கோயில் தலைவராகிவிட்டார், தீட்டு மட்டும் பட்டவள் தலையில். இதைக் கேட்டு நான் கங்காணியை வாயில் வந்தபடி வைதேன். நம் ஊரிலும் இப்படித்தான் செய்திருப்போம் என்று நினைத்தபோது நம்மையும் சேர்த்து வைதேன்.

3

முதல் நாள் கொட்டகை வாசலில் ஈ காக்கை இல்லை. கங்காணி லயம் லயமாகப் போய், அவள் கைச் சோற்றைத் தொட்டால் அம்மன் கண்ணைக் குத்தும் என்று சொல்லியிருந்தார். சனம் வீட்டுக்குள் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜப்பான் காலத்தில் வருஷக்கணக்கில் கிழங்கையே தின்றவர்கள் இவர்கள். சண்டை முடிந்த அன்றே, இனி செத்தாலும் கிழங்கு தின்ன மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து காத்தாயி ரசத்துக்குத் தாளித்தாள்.

கடுகும் பெருங்காயமும் நெய்யில் பொரிகிற வாசம் முள்கம்பியைத் தாண்டி, லயத்துக்குள் புகுந்து, கிழங்குத் தட்டுகளுக்கு மேலே நின்றது. செல்விதான் முதலில் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். "அம்மா, வாசம்-லா!" பிள்ளையைத் தனியாக விடலாமா? பின்னாலேயே நானும் போனேன், பெரிய குண்டானோடு.

எங்களைப் பார்த்து இன்னொரு பிள்ளை. பிள்ளையைப் பிடிக்க வந்த தாய். தாயைத் திட்ட வந்த தகப்பன், கையில் தட்டோடு. பொழுது சாய்வதற்குள் வரிசை வேலிவரைக்கும் நீண்டுவிட்டது. காத்தாயி கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரட்டுப் போலவே ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிட்டாள். அவளுக்கும் ஒரு பேர் விடாமல் மனப்பாடம். "காளியம்மா!" என்றால் காளியம்மா "இருக்கேன்" என்று சொல்லி ஓரடி முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் அப்பளம் கிடையாது. சனத்துக்கு ஒரே சிரிப்பு. பத்து நாளில் தோட்டமே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. ஆனால் சொல்லிவிடுகிறேன், அத்தனை பேரும் அவளிடம் தங்கள் பேரைக் கேட்டுச் சாப்பிட்டார்களே தவிர, அவள் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. "ஏய், இங்க ஒரு கரண்டி" என்பார்கள். அவ்வளவுதான்.

4

கங்காணி மட்டும் வரவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு விறைப்பாகத் திரிந்தார். அவர் மனைவி பாக்கியம் ஒரு நாள் முந்தானைக்குள் தூக்குவாளியை மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"கிராணியம்மா, மனுசன் இளைச்சுக்கிட்டே போறாரு. கொட்டகைச் சோறுன்னா தொட மாட்டாரு. உங்க வீட்டுச் சோறுன்னு சொல்லிப் போட்டுறவா?"

"வீட்டுலதான் சோறு பொங்கக் கூடாதே?"

"கிராணி வீட்டுக்குத் தொர தனியா பெர்மிட் குடுத்திருக்காருன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாரு."

நான் சிரித்த சிரிப்பில் செல்வி தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து பாக்கியம் கொட்டகையில் இரண்டு பங்கு வாங்குவாள். கங்காணி என் பேரைச் சொல்லிச் சாப்பிடுவார். வாழ்க்கையில் என் சமையலை ஒரு மனிதர் புகழ்ந்தார் என்றால் அந்த ஒரு வருஷம்தான். வழியில் பார்த்தால் கம்பை இறக்கிக் கும்பிடுவார். "கிராணியம்மா கை ரசம்னா ரசம்தான். என் ஆத்தா கைல சாப்ட்டதுக்கு அப்புறம் இந்த ருசிய நான் பாக்கல" என்பார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். என் வீட்டுக்காரர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடுவார்.

காத்தாயிக்கு எல்லாம் தெரியும். பாக்கியத்தின் இரண்டாவது பங்கில் மட்டும் மிளகு கொஞ்சம் கூடப் போடுவாள். "அவருக்குக் காரம் புடிக்கும்" என்பாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

5

உத்தரவு நீங்கியது. நேற்றுதான் கொட்டகையில் கடைசிச் சாப்பாடு. காத்தாயி இன்றிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டத் திரும்ப வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் அவள் அண்டாவைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னது ஒன்றுதான். "எனக்குச் சோறு, துணி ஒண்ணும் வேணாம்மா. பெரட்டுல என் பேரக் கூப்பிடணும். அந்தா நிக்குதேன்னு இன்னொரு தரம் கம்ப நீட்டினா என்னால தாங்க முடியாது."

நேற்று மத்தியானம் கங்காணி வெற்றிலை, பழத்தட்டோடு என் வாசலுக்கு வந்தார். பின்னால் பாக்கியம், கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்கிறாள்.

"கிராணியம்மா, ஒரு வருசமா உங்க கையால உயிர் பொழச்சேன். இனிமே வீட்டுலயே பொங்கலாம். அந்த ரசத்த மட்டும் இவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

எனக்கு என்ன தைரியமோ தெரியவில்லை. "வாங்க, ரசம் வெக்கிற எடத்துக்கே போவோம்" என்று சொல்லி நடந்தேன். கொட்டகையில் வரிசை முழுக்க நிற்கிறது. நான் நேராகப் போய், "அக்கா, கங்காணியாருக்கு ரசம் எப்படி வெக்கிறதுன்னு சொல்லணுமாம். ஒரு வருசமா சாப்புடறாராம்" என்றேன்.

காத்தாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கென்ன, புளி கம்மியாக் கரைக்கணுங்க. மொளகு சீரகம் நுணுக்கிப் போடணும். தக்காளிய வெட்டக் கூடாது, கையால பெசயணும்." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையாலதான்."

கங்காணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தட்டு சாய்ந்து வாழைப்பழம் உருண்டது. "தீட்டு," என்றார், "வாயெல்லாம் தீட்டு" என்றார்.

"ஒரு வருசமா உள்ள போயிருக்கு கங்காணியாரே. எங்க ஒட்டிருக்குன்னு பாருங்க. போன மாசம் சட்டை பத்தலன்னு பாக்கியம் பிரிச்சுத் தெச்சாளே, அங்க இருக்கான்னு பாருங்க" என்றாள் காத்தாயி.

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கிழவர் சோற்றுத் தட்டோடு தரையில் உட்கார்ந்தேவிட்டார். கங்காணி கம்பை ஓங்கினார். காத்தாயி நகரவில்லை, சிரிப்புத்தான் அடங்கிற்று.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவேன். என் பேரக் கூப்பிடணும். அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரி சத்தமா. அன்னிக்கு ஏன் கூப்பிட்டீங்கன்னும் சொல்லணும்."

அவர் திரும்பி நடந்தார். பாக்கியம் அவர் பின்னால் போகவில்லை. "சொல்லிட்டு வாங்க," என்றாள், "அதுவரைக்கும் நம்ம வீட்டு அடுப்பு எரியாது. எம்மகளுக்குப் பதிலாப் போனவ அவ. இத்தன வருசமா அது எனக்குத் தொண்டையில முள்ளா நிக்குது."

"எங்க வீட்டு அடுப்பும் எரியாது" என்றாள் காளியம்மா. அப்புறம் இன்னொருத்தி, அதற்கு அடுத்தவள். உத்தரவு போட்ட சர்க்காரே அடுப்பை மூட்டலாம் என்று விட்டபிறகு, எங்கள் பெண்கள் மூட்ட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். என் தியாகத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார்.

6

பெரட்டுக்குக் கிராணி மனைவி போகிற வழக்கமில்லை. இன்று காலை நான் போனேன், செல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு.

கங்காணி ராத்திரி தூங்கியிருக்க மாட்டார், கண் சிவந்திருந்தது. பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். "கருப்பாயி." இருக்கேன் ஐயா. "காளியம்மா." இருக்கேன் ஐயா. நின்றுவிட்டார். மனப்பாடத்தில் அடுத்த பேர் எது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"அன்னிக்கு லாரி வந்தப்ப," என்றார், "அவன் எம்மகளப் பாத்தான். எனக்குப் பயம் புடிச்சிருச்சு. இவளுக்குக் கேக்க ஆள் இல்லன்னு இவ பேரச் சொல்லிட்டேன். திரும்பி வந்தப்ப இவ மொகத்தப் பாக்க முடியல. அதான் தீட்டுன்னு சொன்னேன். தீட்டு இவ மேல இல்ல."

அப்பன் பயம் அது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தீட்டு என்று பேர் வைத்து ஒருத்தி தலையில் ஏற்றினாரே, அதைத்தான் மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் காத்தாயி பாடு.

"காத்தாயி" என்றார். குரல் எழும்பவில்லை.

"காதுல விழலீங்க" என்றாள் கடைசி வரிசையிலிருந்து. அழுதுகொண்டிருந்த பாக்கியம்கூடச் சிரித்துவிட்டாள்.

"காத்தாயி!" வேலிக் கதவில் நின்ற மலாய்ப் போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

பேர் விழுந்தால் ஓரடி முன்னால் வர வேண்டும். அதுதான் பெரட்டுச் சட்டம். காத்தாயி வரவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இருக்கேன்," என்றாள். "இங்கதான் இருக்கேன். அன்னிக்கு நான் வந்தேன். இன்னிக்கு நீங்க வாங்க."

கங்காணி கம்பைக் கீழே போட்டார். வரிசைகளுக்கு நடுவே நடந்து கடைசிவரைக்கும் வந்து அவள் முன்னால் நின்று, எந்த நிரை வேண்டும் என்று கேட்டார். "ரோட்டோரத்து மொத நிரை" என்றாள் அவள். அதையும் அவள் பேரோடு சேர்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மத்தியானம் லயம் முழுக்க அடுப்பு புகைந்தது. நானும் மூட்டினேன். செல்வி என் ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு காத்தாயி வீட்டுக்கு ஓடினாள். பிள்ளையைத் தனியாக விடலாமா? குண்டானோடு நானும் போனேன். அங்கே வாசலில் எங்களுக்கு முன்னால் கங்காணி ஒரு சொம்போடு நின்றுகொண்டிருந்தார், பட்டப்பகலில், முந்தானை மறைவு ஒன்றும் இல்லாமல்.

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைக்கு மொதல்ல," என்றாள். "நீங்க வரிசையில வாங்க."

அவர் எனக்குப் பின்னால் போய் நின்றார்.